காணாமல் போன கவுன்சிலர் தலை

அத்தியாயம் 5

துப்பறிவாளர் எவரிஸ்த் லலோந்த், பெல்ரீவ் மெட்ரோ நிலையத்தின் வாசல் கதவைத் தள்ளினார். கதவு அவரைத் திருப்பித் தள்ளியது.

கீழே ஒரு ரயில் வந்துகொண்டிருந்தது. ரயில் வரும்போது சுரங்கத்துக் காற்றெல்லாம் படியேறி வந்து கதவை வெளிப்பக்கம் அழுத்தும். ரயில் கிளம்பும்போது அதே காற்று உள்ளே ஓடும். பெல்ரீவ் பேட்டையில் குடியிருப்பவர்கள் இந்தக் கதவோடு மல்லுக்கு நிற்பதில்லை. காற்று திரும்பும்வரை நின்று, அது உள்ளே போகும்போது கூடவே போய்விடுவார்கள். லலோந்துக்கு எதற்காகவும் காத்திருக்கும் பழக்கம் கிடையாது. தோளைக் கொடுத்தார். தொப்பியைப் பறிகொடுத்தார்.

"கதவுக்குக்கூட நம்ம மேல நம்பிக்கை இல்ல, பாஸ்," என்று சொல்லித் தொப்பியை எட்டிப் பிடித்துக் கொடுத்தாள் ஜினெத்.

ஜினெத் அவருடைய உதவியாளர். இருபத்தாறு வருடம் இதே மெட்ரோவில் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவள். லலோந்திடம் சேர்ந்ததற்கு அவள் சொன்ன காரணம், வீட்டில் சும்மா இருந்தால் பேசுவதற்கு ஆளில்லை என்பது. லலோந்திடமும் பேச ஆளில்லைதான். ஆனால் மறுத்துப் பேச நிறைய இருந்தது.

காணாமல் போயிருந்தது கவுன்சிலர் எர்வே தெபியானின் மார்பளவு வெண்கலச் சிலை. எடை அறுபது கிலோ. நிஜக் கவுன்சிலர் காணாமல் போகவில்லை. நிலையத்துக்குள் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

சிலை வந்த கதை சிறியது. பெல்ரீவ் நிலையத்துக்கு மின்தூக்கி வேண்டுமென்று அந்தப் பேட்டை மக்கள் பதினான்கு வருடம் கேட்டார்கள். பதினைந்தாம் வருடம் கவுன்சிலரும் கேட்டார். மின்தூக்கி வந்தது. ஆகவே கவுன்சிலருக்குச் சிலை. திறப்பு விழா மாலை நான்கு மணிக்கு. மெட்ரோ இயக்குநரே வருகிறார்.

விழாவுக்குக் கவுன்சிலர் தேர்ந்தெடுத்த நாள்தான் ஜினெத்துக்குப் புரியவில்லை. ஜூலை ஒன்று. மான்ட்ரியலில் வாடகை ஒப்பந்தங்கள் முடிவதும் அன்றுதான், தொடங்குவதும் அன்றுதான். ஊரில் பாதிப் பேர் கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு மாறுகிற நாள். தெரு நிறைய லாரி, நடைபாதை நிறைய சோபா. வேண்டாத சாமானை நடைபாதையில் வைத்துவிட்டுப் போவார்கள், வேண்டியவர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். அன்று ஒருநாள் நடைபாதையில் நிற்கும் எதற்கும் சொந்தக்காரர் கிடையாது.

"இன்னிக்குப் போய் யாராவது விழா வைப்பாங்களா?" என்று ஜினெத் கவுன்சிலரிடமே கேட்டுவிட்டாள்.

தான் தாத்தா காலத்து வீட்டில் பிறந்து அதே வீட்டில் இருப்பதாகவும், வாடகைக்கு இருப்பவர்களின் வழக்கமெல்லாம் தனக்குத் தெரியாதென்றும், விடுமுறை நாள் என்பதால் கூட்டம் அலைமோதும் என்று கணக்குப் போட்டதாகவும் அவர் விளக்கினார்.

பிறகு தன் கோட்டின் உள்பையிலிருந்து ஒரு நீளமான உறையை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு கடிதம். நிலைய ஊழியர் மிரேய் கஸ்தோங்கேயின் கவனக்குறைவால் சிலை தொலைந்தது, அவரை இந்த நிலையத்திலிருந்து உடனே மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தது. நான்கு மணிக்குள் சிலை வராவிட்டால் கடிதம் நேரே இயக்குநர் கையில்.

"நாலு மணி வரைக்கும்தான் என் பொறுமை," என்றார் கவுன்சிலர். அப்போது மணி பதினொன்று. அவருடைய பொறுமை ஏற்கெனவே தீர்ந்து, அவர் கடனில் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது.

மிரேய் டிக்கெட் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இடுப்புக்கு மேலே மட்டும் தெரிந்தாள். அழுது முடித்திருந்தாள். இனி என்ன செய்வது என்று தெரியாததால் பயணிகளுக்கு மிகச் சரியாகச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜினெத்துக்கு அவளைப் பழக்கம் உண்டு. பதினோரு வருடம் மிரேய் லைனின் கடைசி நிலையத்தில், மாலை மூன்று மணிக்கு ஆரம்பித்துக் கடைசி ரயிலோடு முடிகிற ஷிஃப்ட். கணவன் கெத்தான் ரொட்டி அடுமனையில் விடியற்காலை நான்கு மணிக்கு வேலைக்குப் போகிறவன். அவன் சமைத்து, ஒரு தட்டில் போட்டு, இன்னொரு தட்டால் மூடி வைத்துவிட்டுப் படுத்துவிடுவான். மிரேய் வந்து அதை அப்படியே ஜில்லென்று சாப்பிடுவாள். மைக்ரோவேவில் சூடு பண்ணினால் அது கடைசியில் போடும் சத்தத்தில் அவன் எழுந்துவிடுவான் என்று பயம். பதினோரு வருடம் விண்ணப்பம் போட்டு இப்போதுதான் பெல்ரீவில் பகல் ஷிஃப்ட் கிடைத்திருக்கிறது. இன்று முதல் நாள். நாளைக்குத்தான் நிரந்தர உத்தரவு. அதை நம்பி நிலையத்துக்கு எதிரிலேயே வீடு பிடித்துவிட்டார்கள். இந்த நிமிஷம் கெத்தானும் அவன் அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் அந்த வீட்டுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"பழைய எடத்துக்கே திருப்பி அனுப்பிட்டாங்கன்னா இங்கேருந்து ஒன்றரை மணி நேரம், ஜினெத்," என்றாள் மிரேய், கண்ணாடியில் இருந்த ஓட்டை வழியாக. "வீடு மாறினதே இதுக்காகத்தான். இனிமே கெத்தான் மூஞ்சிய ஞாயித்துக்கிழமதான் பாக்கணும்."

நடந்ததை அவள் சொன்னாள். காலை ஏழே கால் மணிக்குச் சிலையைக் கொண்டுவந்த இரண்டு ஆட்கள் கீழே வந்து ரசீதில் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டாள். சிலை எங்கே என்றதற்கு மேலே இருக்கிறது, இதோ இறக்குகிறோம் என்றார்கள். கூண்டை விட்டு அவள் நகர முடியாது. அவர்கள் மேலே போய்க் கதவோடு போராடிப் பார்த்து, காற்று அடங்கட்டும் என்று சிலையை வாசலிலேயே விட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்கள். திரும்பி வந்தபோது சிலை இல்லை. கையில் ரசீது இருந்தது. ரசீது இருந்தால் வேலை முடிந்தது என்பது அவர்கள் தொழில் தர்மம். போய்விட்டார்கள்.

லலோந்த் கவுன்சிலரிடம் திரும்பி, சிலை எப்படி இருக்கும் என்று கேட்டார்.

"என்னை மாதிரி," என்றார் கவுன்சிலர்.

இன்னும் கொஞ்சம் விவரமாக என்று லலோந்த் கெஞ்சியதில், முடிந்த சிலையை அவரே இன்னும் பார்க்கவில்லை என்பது வெளியே வந்தது. திரையை விலக்கும்போது முகத்தில் உண்மையான நெகிழ்ச்சி தெரிய வேண்டும், புகைப்படக்காரர்கள் வருவார்கள். அதற்காகப் பார்க்காமலே விட்டிருந்தார். ஆனால் சிற்பிக்குத் திருத்தங்கள் மட்டும் எழுதி அனுப்பியிருந்தார், பதினான்கு முறை. மூக்கைக் கொஞ்சம் குறைக்கவும். முகவாய் கூடுதலாக இருந்தால் நல்லது. கண்ணாடி வேண்டாம். தலைமுடி, வேண்டும்.

கவுன்சிலர் திரும்பி நின்றபோது ஜினெத் அவரைப் பக்கவாட்டில் பார்த்தாள். கீழுதட்டுக்குக் கீழே நேராகக் கழுத்துதான்.

மூவரும் மேலே போனார்கள். அடுத்த ரயில் வரும்வரை காத்திருக்குமாறு ஜினெத் இருவரையும் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

வாசலுக்கு வெளியே நடைபாதையில் வழக்கமான ஜூலை ஒன்று. ஒரு மீன்தொட்டி, ஒரு இஸ்திரிப் பலகை, ஒரு காலில்லாத நாற்காலி, 'நன்றாக ஓடும்' என்று சீட்டு ஒட்டிய ஒரு மின்விசிறி. அவற்றுக்கு நடுவே, சிலையைக் கொண்டுவந்த ஆட்கள் அடியில் போட்டிருந்த மரப்பலகை. அதில் கவுன்சிலர் பெயர் கறுப்பு மையில் எழுதியிருந்தது. பலகையின் மேல் சிலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு உடற்பயிற்சி சைக்கிள் நின்றது. சக்கரம் இருக்கும், ஆனால் எங்கும் போகாதே, அந்த வகை.

கவுன்சிலர் அதைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார். அடுத்த தேர்தலில் அவரை எதிர்த்து நிற்கப்போகும் மதாம் ஃப்ரெனெத் எங்கே போனாலும் சைக்கிளில்தான் போவாளாம். இது அவள் வேலை, இது ஒரு எச்சரிக்கை, இது ஜனநாயகத்தின் மீது வைத்த கை என்று அவர் ஆரம்பித்து, கேட்க ஆளில்லாமல் மீன்தொட்டியைப் பார்த்து முடித்தார்.

லலோந்த் சைக்கிளைச் சுற்றி மூன்று முறை நடந்தார். பிறகு பிரசித்தி பெற்ற அவருடைய வலது புருவம் மேலே போனது.

"திருடன் உடற்பயிற்சி செய்கிறவன்," என்றார். சபையில் பேசும்போது அவர் எழுத்து நடையில்தான் பேசுவார். "அறுபது கிலோவைத் தூக்கியிருக்கிறான். நல்ல உயரம். தினமும் பயிற்சி. தொடையில் பலம்."

"உக்கார்ற சீட்டு அடி ஓட்டையில இருக்கு பாஸ். ஏழு வயசுப் புள்ள உயரம்," என்றாள் ஜினெத். "மீட்டரப் பாருங்க, மொத்தமே நாலு கிலோமீட்டர் ஓடியிருக்கு. அதுல மூணு கடையில ஓட்டிப் பாத்தது."

லலோந்தின் புருவம் பாதி இறங்கியது.

"அப்படியானால் இது எதற்குப் பயன்பட்டது?"

"எல்லார் வீட்லயும் எதுக்குப் பயன்படுதோ அதுக்கு. துணி காயப்போட."

கைப்பிடியில் மூன்று துணி கிளிப்புகள் இருந்தன. இரண்டு காலி. மூன்றாவதில் ஒரு காலுறை தொங்கியது. கருநீலம், மேல்விளிம்பில் இரண்டு மஞ்சள் கோடு.

ஜினெத் அதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். அவள் பேச்சை நிறுத்துவது அபூர்வம் என்பதால் லலோந்த் உடனே தன் குறிப்பேட்டை எடுத்தார்.

இருபத்தாறு வருடம் அதே காலுறையைப் போட்டவள் அவள். மெட்ரோ ஊழியர்களுக்கு வருடத்துக்கு ஆறு ஜோடி சீருடையோடு கொடுப்பது. கடையில் கிடைக்காது. கிடைத்தாலும் யாரும் வாங்கமாட்டார்கள்.

கவுன்சிலரைச் சைக்கிளுக்குக் காவல் வைத்துவிட்டு இருவரும் கீழே இறங்கினார்கள். சாட்சிப்பொருளை யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வது மிகப் பொறுப்பான பணி என்று லலோந்த் சொன்னதும் அவர் மார்பை நிமிர்த்தி நின்றுவிட்டார். அடுத்த பத்து நிமிஷத்தில் இரண்டு குடும்பங்கள் அவரிடம் வந்து, சைக்கிளோடு சேர்த்து மின்விசிறியையும் எடுத்துக்கலாமா என்று கேட்டுவிட்டுப் போயின.

கூண்டின் பக்கவாட்டுக் கதவருகே போய் ஜினெத் மெல்லிய குரலில் கேட்டாள். "மிரேய், கால கொஞ்சம் வெளிய நீட்டு."

"எதுக்கு?"

"நீட்டுடீ, சொல்றேன்."

மிரேய் வலது காலை நீட்டினாள். கருநீலம், இரண்டு மஞ்சள் கோடு. இடது காலை நீட்டினாள். பச்சை, அதில் பனிமனிதர்கள்.

வீடு மாறுகிற அமளியில் காலையில் ஜோடி அகப்படவில்லை, கூண்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்று போட்டுக்கொண்டு வந்துவிட்டேன் என்று மிரேய் வெட்கப்பட்டாள். ஜினெத் தொலைந்த ஜோடியைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினாள். எங்கே கிடைத்தது என்பதையும் சொன்னாள்.

மிரேயின் முகத்தில் வெட்கம் போய் வேறொன்று வந்தது. "அந்தச் சைக்கிள் என்னுதுதான். ஆனா அது மேல வீட்டுல இருக்கணுமே. எட்டு மணிக்கு கெத்தான் போன் பண்ணினான். பெட்டிங்க தனி, பெரிய சாமான் இருபத்து மூணு. எண்ணிப் பாத்தேன், இருபத்து மூணும் ஏறிடுச்சு, ஒண்ணும் கொறையலன்னான்."

"லாரிய எங்க நிறுத்தினாங்க?"

"இங்கதான். தெருவுல எடமே இல்ல. ஸ்டேஷன் வாசல்ல எறக்கி வெச்சு அங்கேருந்து தூக்கிட்டுப் போனாங்க." சொல்லிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து வாசல் படியைப் பார்த்தாள்.

லலோந்த் இப்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார். புருவமெல்லாம் தூக்காமல் கேட்டதால் அது நல்ல கேள்வியாக இருந்தது. கெத்தான் தன் சகோதரர்களிடம் எதைத் தூக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று எப்படிச் சொன்னான்?

"சாம்பல் கம்பளி சுத்தினது எல்லாம் மேல போகணும். சுத்தாதது நடைபாதைக்கு, வேணுங்கறவங்க எடுத்துக்கட்டும்னு." மிரேய் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். "சைக்கிளுக்குக் கம்பளி பத்தல."

ஊரில் எல்லாச் சாமான் லாரியிலும் ஒரே சாம்பல் கம்பளிதான். சிலையும் அதே கம்பளியில்தான் சுற்றி வந்திருந்தது. கம்பளி போட்ட கவுன்சிலர் மேலே போனார், கம்பளி இல்லாத சைக்கிள் கீழே நின்றது. எண்ணிக்கை சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"ரசீதுல என் கையெழுத்து," என்றாள் மிரேய். "பொருள் என் வீட்டுல. இனிமே அது கவனக்குறைவு இல்ல, ஜினெத். திருட்டு."

அவளைக் கூண்டை விட்டு நகராமல் இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் மறுவாசல் வழியாக வெளியே போனார்கள்.

எதிர்வீட்டு மூன்றாம் மாடி. வெளிப்புறமாகச் சுருண்டு ஏறும் இரும்புப் படி. லலோந்த் இரண்டாவது சுற்றில் நின்று, குற்றத்தின் உளவியல் பற்றி யோசிப்பதாகச் சொன்னார். ஜினெத் அவர் மூச்சு வாங்கி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

வீட்டில் கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் மூன்று சகோதரர்களும் சுருட்டிய மெத்தைமேல் வரிசையாக, பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். துஷ்டி வீடு மாதிரி இருந்தது. சமையலறையில் சலவை இயந்திரத்தின் மேல், கம்பளி பிரித்த நிலையில், ஒரு வெண்கல மனிதன். அடர்ந்த முடி. சீரான மூக்கு. கப்பல் முகப்பு போல ஒரு முகவாய். அவன் எதிரில் பெட்டிமேல் கெத்தான், கையைக் கட்டிக்கொண்டு.

"வாங்க ஜினெத்," என்றான். "பதினோரு வருஷமா ராத்திரி ராத்திரி வேலன்னா. இவன் யாருன்னு நான் கேக்கல. ஆனா ஒண்ணு சொல்லுங்க. எங்க கல்யாண போட்டோவ சட்டத்தோட சேத்து நிறுத்தாலும் அரைக் கிலோ வராது. இவன் அறுவது கிலோ. அதுவும் கம்பளி சுத்தி, நாடா போட்டு, உடையாம பாத்துக்கவும்னு எழுதி."

சிரிப்பை அடக்க ஜினெத் சலவை இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டாள். "கெத்தான், அது உங்க கவுன்சிலருய்யா."

கெத்தான் சிலையைப் பார்த்தான். மூத்தவன் நோர்மான் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தான். இந்தக் கவுன்சிலரின் படம் பேட்டையில் எல்லாப் பேருந்து நிறுத்தத்திலும் இருக்கிறது.

"அவருக்கு முகவாயே கிடையாதே," என்றான் நோர்மான்.

ஜினெத் முழுக் கதையையும் சொல்லி முடித்தாள். கெத்தான் முகத்தில், போய்விட்டது என்று நினைத்த பதினோரு வருடம் திரும்ப வந்து உட்கார்ந்தது. அடுத்த கணமே, அது மிரேயின் வேலை போகிற கதை என்பதும் உறைத்து, எழுந்து நின்றான். அதே நேரத்தில் கீழே இரும்புப் படி அதிர ஆரம்பித்தது. படிக்கு ஒரு முறை யாரோ பெருமூச்சு விட்டார்கள். இடையில், துப்பறிகிறவர்களே கூட்டுக் களவாணிகளா என்று கவுன்சிலரின் குரல் கேட்டது. அவர்கள் தெருவைக் கடந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும்.

சிலையை மூடச் சாம்பல் கம்பளி தேடினார்கள். நோர்மான் அதைக் குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்தான். உருவ நேரமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தன் தலையில் இருந்த ஹாக்கித் தொப்பியைக் கழற்றிச் சிலைக்கு மாட்டிவிட்டான்.

கவுன்சிலர் உள்ளே வந்தார். பேச வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. கொஞ்சம் தேறியதும், மிரேய் வீடு இதுதான் என்பது கீழே விசாரித்ததில் தனக்குத் தெரியும், தன் சிலை இங்கேதான் இருக்கிறது என்பதும் தெரியும் என்று சொல்லி, யாரையும் கேட்காமல் தேட ஆரம்பித்தார். அலமாரியைத் திறந்தார். குளியல் தொட்டித் திரையை விலக்கினார். மெத்தையைத் தூக்கச் சொன்னார். ரொட்டி சுடும் அடுப்பின் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார்.

"அதுக்குள்ள இருந்தா வெந்து போயிருப்பீங்களே," என்றாள் ஜினெத்.

நிமிர்ந்தவர் சலவை இயந்திரத்துக்கு நேரே வந்து நின்றார். கவுன்சிலரும் கவுன்சிலரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டார்கள். லலோந்த் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது யாரு?" என்றார் கவுன்சிலர்.

கெத்தான் முந்திக்கொண்டான். "எங்க பெரியப்பா."

எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லாமல் நகர்கிற பழக்கம் கவுன்சிலருக்கு இல்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தார். சுற்றிப் போய்ப் பின்னாலும் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நெத்தி பரவால்ல. இந்த முகவாய் மூஞ்சிக்குச் சேரவே இல்ல, கடன் வாங்கி ஒட்டின மாதிரி இருக்கு. கண்ணுல ஒரு கள்ளத்தனம். மனுஷங்கள எடைபோடறது என் தொழில். இந்த ஆளுக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன்."

"நாங்களும் போடல," என்றான் கெத்தான்.

கவுன்சிலர் கடைசியாகக் கட்டிலுக்கடியில் பார்த்துவிட்டு, நான்கு மணிக்கு எல்லோருக்கும் தெரியும் என்று எச்சரித்துவிட்டு இறங்கிப் போனார். இறங்குவதற்கு ஏறியதைவிட அதிக நேரமானது.

மூன்றே முக்காலுக்கு நான்கு சகோதரர்களும் சிலையைக் கட்டில் விரிப்பு ஒன்றில் போர்த்தி நிலையத்துக்குள் இறக்கினார்கள். மின்தூக்கி தயாராக நின்றது. ஆனால் குறுக்கே சிவப்பு நாடா. வெட்டாமல் உபயோகிக்கக் கூடாது. எழுபத்து நான்கு படி அவர்களே தூக்கினார்கள். நாடாவுக்கு முன்னால் தள்ளுவண்டியோடு ஒரு கிழவி காலையிலிருந்து காத்திருந்தாள்.

சிலை கிடைத்துவிட்டது என்று லலோந்த் கவுன்சிலரிடம் அறிவித்தார். எங்கே என்றதற்கு, ஜூலை ஒன்றாம் தேதி நடைபாதையில் இருக்கிற பொருள் கொஞ்சம் நகரத்தான் செய்யும் என்றார். கவுன்சிலர் அதை நம்பவில்லை. இயக்குநர் வந்து நின்றதும் கடிதம் இருந்த பைக்குள் கையை விட்டுக்கொண்டார். சிலை கிடைத்ததால் கவனக்குறைவு இல்லையென்று ஆகிவிடுமா என்று லலோந்தின் காதில் கேட்டார். கூண்டுக்குள் மிரேய் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் மொத்தம் ஒன்பது பேர். நான்கு பேர் சகோதரர்கள், ஒருத்தி கிழவி, மூன்று பேர் மின்தூக்கி எப்போது திறக்கும் என்று கேட்க வந்தவர்கள். புகைப்படக்காரர் ஒருவர். அவரும் அன்று வீடு மாறுகிறவர், சீக்கிரம் முடியுங்கள் என்றார்.

கவுன்சிலர் விரிப்பை இழுத்தார்.

அவர் முகத்தில் உண்மையான உணர்ச்சி தெரிந்தது. புகைப்படம் எடுக்கப்பட்டது. கப்பல் முகவாயைப் பார்த்தார். கெத்தானைப் பார்த்தார். மறுபடி முகவாயைப் பார்த்தார். காது மடலிலிருந்து கழுத்துவரை சிவந்து, லலோந்தின் சட்டைக் கையைப் பிடித்தார்.

"இதை நான் அந்த வீட்டுல பாத்தேன்," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாத்தீங்க," என்றார் லலோந்த், வாழ்க்கையில் முதல்முறையாகச் சாதாரணப் பேச்சில். "மைக்ல சொல்லுங்க. எங்க பாத்தீங்க, யாருன்னு கேட்டீங்க, ஓட்டு விஷயத்துல என்ன முடிவு எடுத்தீங்க, எல்லாம் சொல்லுங்க. ஆறு சாட்சி இருக்கு."

"அச்சு அசல் நீங்கதான் கவுன்சிலர்," என்று ஜினெத் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

இயக்குநர் கவுன்சிலரின் கையைப் பார்த்தார். கை இன்னும் பைக்குள் இருந்தது, உறை பாதி வெளியே வந்திருந்தது. தனக்கு ஏதாவது தர வேண்டுமா என்று கேட்டார். இல்லை, என் உரை, என்றார் கவுன்சிலர். அப்படியானால் படியுங்கள் என்றார் இயக்குநர்.

வேறு வழியில்லை. கவுன்சிலர் உறையைப் பிரித்தார். குற்றப்பத்திரிகையை வாழ்த்து மடலாக வாசிப்பது சுலபமான வேலை இல்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் பள்ளத்தைக் கண்ட வண்டி மாதிரித் திருப்பினார். இந்த நிலையத்தின் ஊழியர் மிரேய் கஸ்தோங்கேயின் கவன... என்று ஆரம்பித்து, மூச்சு விட்டு, கவனம் தன்னைக் கவர்ந்தது என்றார். இவரை உடனே இங்கிருந்து என்று வந்த இடத்தில் இருமினார். யாரும் நகர்த்தக் கூடாது என்று முடித்தார். இப்படிப்பட்டவர்கள் மெட்ரோவுக்கு, இந்த இடத்தில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தேவை என்றார். கீழே தன் கையெழுத்து இருந்ததை மட்டும் திருத்தாமல் படித்தார்.

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். பதவியில் இருக்கும் ஒருவர் தன் சிலைத் திறப்பில் டிக்கெட் கூண்டு ஊழியரைப் பற்றியே பேசியதைத் தான் பார்த்ததில்லை என்று சொல்லி, அந்தத் தாளை வாங்கிக் கோப்பில் வைக்கக் கை நீட்டினார். கவுன்சிலர் தாளை நான்காக மடித்து, எட்டாக மடித்து, ஞாபகார்த்தமாகத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அப்படியானால் நிரந்தர உத்தரவுக்கு நாளை வரைக்கும் ஏன் காத்திருக்க வேண்டும் என்று இயக்குநர் கூண்டின் கண்ணாடியிலேயே வைத்து அதில் கையெழுத்துப் போட்டார்.

நாடா வெட்டப்பட்டது. கவுன்சிலர் காலை எடுத்து வைப்பதற்குள் கிழவி தள்ளுவண்டியோடு உள்ளே போய்ப் பொத்தானை அழுத்திவிட்டாள்.

ஐந்து மணிக்கு மிரேய் கூண்டைப் பூட்டினாள். தெருவைக் கடந்து, இரும்புப் படி ஏறி, வீட்டுக்குப் போக நான்கு நிமிஷம் ஆனது. மேசையை இன்னும் பொருத்தவில்லை. இரண்டு பெட்டிகளுக்கு மேல் பீட்சா அட்டைகளைத் திறந்து வைத்துச் சகோதரர்கள் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். லலோந்த் நடுவில் உட்கார்ந்து அந்தச் சைக்கிள் காலுறையைத் தான் எப்படிக் கண்டுபிடித்தார் என்று விவரித்துக்கொண்டிருந்தார். ஜினெத் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் சரியான வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கெத்தான் எழுந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தான். பழக்க தோஷத்தில் ஒரு தட்டில் வைத்து, இன்னொரு தட்டைத் தேடி எடுத்து, மூடப் போனான். மிரேய் அவன் கையிலிருந்து அந்த இரண்டாவது தட்டை வாங்கித் தரையில் வைத்தாள். நின்றபடியே ஒரு கடி கடித்தாள். பாலாடைக்கட்டி கொதித்துக்கொண்டிருந்தது. நாக்கு சுட்டுவிட்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மெதுவா சாப்பிடேன், ஆறட்டும் என்றான் கெத்தான்.

"ஆறக் கூடாது," என்று சொல்லிவிட்டு மிரேய் இன்னொரு கடி கடித்தாள்.